ஓட்டத்தில் நிற்கும் இறகு மீன்

ஃப்ளை ஃபிஷிங் என்றதும் பலருக்கு மனதில் வருவது ஒரே காட்சிதான். தெளிந்த ஆற்றின் மேல் ஃப்ளை எனும் செயற்கைப் பூச்சி ஒன்று மெல்ல இறங்கும், அடியில் நின்ற ட்ரவுட் எழும்பி வந்து அதை உறிஞ்சும். அது அழகான வித்தை, அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ட்ரவுட் வளர வளரப் பூச்சியை மட்டும் நம்பி வயிறு வளர்ப்பதில்லை. ஒரு அளவுக்கு வளர்ந்ததும் சின்ன மீன்களைத் துரத்தத் தொடங்கிவிடும், தன் இனத்துக் குஞ்சுகளையும் விடாது. அந்தச் சின்ன மீனின் உருவத்தை இறகாலும் மயிராலும் தூண்டில் முள்ளில் கட்டி, ஓடும் தண்ணீருக்குள் உயிருள்ளதாக உலவவிடுவதற்குத்தான் ஸ்ட்ரீமர் என்று பெயர்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். இங்கே ட்ரவுட் இல்லை. வருடம் முழுக்க ஓடும் ஆறும் இல்லை. வழுக்கியாறு மாரியில் ஓடி அராலிப் பக்கம் கடல் நீரேரியில் விழும், கோடையில் அதன் தடத்தில் மாடு மேயும். ஆனால் ஒன்ராறியோவில் இருந்த காலத்தில் ஸ்டீல்ஹெட் என்ற மீன் ஏறும் ஆறுகளில் நான் கற்றதை ஊருக்குத் திரும்பிய பிறகு பண்ணைப் பாலத்தடியிலும் பொன்னாலையிலும் நின்று திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். எனக்குத் தெளிந்தது ஒன்றுதான். ஸ்ட்ரீமருக்கு உயிர் கொடுப்பது கையும் அல்ல, கட்டிய இறகும் அல்ல, ஓட்டம். அந்த ஓட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் கரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களோடு பேசத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மீனைப் பற்றி. ஸ்டீல்ஹெட் என்பது தனி இனம் இல்லை, ரெயின்போ ட்ரவுட்தான். ஒன்கோரிங்கஸ் மைகிஸ் என்ற ஒரே இனத்தில் ஒரு பகுதி பிறந்த ஆற்றிலேயே வாழ்ந்து முடிக்கும். இன்னொரு பகுதி கடலுக்குப் போய்ச் சில வருடம் தின்று கொழுத்து, வெள்ளி நிறத்தில், பிறந்த ஆற்றின் மணத்தைப் பிடித்துக்கொண்டு முட்டையிடத் திரும்பும். பசிபிக் சல்மன்கள் முட்டையிட்டதோடு செத்துப்போகும். ஸ்டீல்ஹெட் அப்படியில்லை, பிழைத்தவை மறுபடி கடலுக்குப் போய் இன்னொரு முறையும் வரக்கூடும். இந்த இனத்தை அறிவியலாளர்கள் வெகுகாலம் ஐரோப்பிய பிரவுண் ட்ரவுட்டின் பேரினத்திலேயே வைத்திருந்தார்கள். 1989இல்தான் பசிபிக் சல்மன்களோடு சேர்த்தார்கள். மீனைக் கையில் பிடித்தவர்களுக்கு அந்த உறவு முன்பே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தூண்டிலில் பட்டதும் அது ஓடும் ஓட்டம் அப்படி.

ஒன்ராறியோவில் கடல் இல்லை. 1870களில் கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்த முட்டைகளிலிருந்து பேரேரிகளில் இந்த மீன் பரவத் தொடங்கியது. ஏரியைக் கடலாக எடுத்துக்கொண்டு, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஆறுகளுக்குள் ஏறுகிறது. கடலைக் காணாத மீனை ஸ்டீல்ஹெட் என்று சொல்லலாமா என்று மேற்குக் கரைக்காரர்கள் சண்டை பிடிப்பார்கள். நான் சொல்வேன். பனி உருகி ஆறு கலங்கி வரும் பங்குனி, சித்திரையில் போர்ட் ஹோப்பில் கனரஸ்கா ஆற்றங்கரையில் நின்று பார்த்தவன் நான். அணையடியில் அந்த மீன் தண்ணீரை உடைத்துக்கொண்டு மேலே பாய்வதைக் கண்டால் அதற்குக் கடலில்லை என்று யாருக்கும் சொல்ல வாய் வராது. எங்கள் ஆட்கள் நெருக்கமாக வாழும் ஸ்காபுறோவுக்குள்ளேயே ஹைலண்ட் கிறீக்கும் ரூஜ் ஆறும் இருக்கின்றன, அவற்றிலும் இது ஏறுகிறது. அந்தப் பாலங்களுக்கு மேலால் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஒரு தரமாவது காரை நிறுத்திக் கீழே இறங்கிப் பாருங்கள்.

இதே இனம் எங்கள் தீவிலும் இருக்கிறது. வெள்ளைக்காரர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் முட்டைகளைக் கொண்டுவந்து பொரிக்கவைத்தார்கள். அதில் ரெயின்போ நிலைத்தது. கடல் மட்டத்துக்கு 2,000 மீற்றருக்கு மேலே, ஹோட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் இன்றும் வாழ்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து சுமார் 300 கிலோமீற்றர் தெற்கே. ஆனால் அது கீழே இறங்காது. 5 பாகைத் தண்ணீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 12.8 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 30 பாகையில் அது 7.5க்கு இறங்கிவிடும், உப்பு சேர்ந்தால் இன்னும் குறையும். தண்ணீர் 20 பாகையைத் தாண்டினாலே ட்ரவுட் திணறத் தொடங்கும். கடலுக்குப் போகும் குணம் இரத்தத்தில் உள்ள ஒரு இனம், சுற்றிவரக் கடல் உள்ள தீவில், மலையுச்சியிலேயே அடைபட்டுக் கிடக்கிறது. இதை நினைக்கும் போதெல்லாம் எனக்கு மனம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

சரி, வித்தைக்கு வருவோம்.

எங்கள் ஊர்க் கைத்தூண்டிலில் எறிதூரத்தைத் தருவது ஈயக்கட்டி. தங்கூசி, அதாவது நைலோன் நூல், அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃப்ளையில் இது தலைகீழ். முள்ளுக்குப் பாரமே இல்லை, பாரம் லைனில் இருக்கிறது. தடித்த அந்த லைனை முன்னும் பின்னும் வளைத்து வீசும்போது இறகு முள் அதன் நுனியில் தொற்றிக்கொண்டு போகும். ஸ்டீல்ஹெட்டுக்கு அந்த லைனின் நுனிப்பகுதி தாழக்கூடியதாக இருக்க வேண்டும், அதன் பிறகு வரும் தங்கூசி ஒரு மீற்றர் அளவில் குறுகியதாக இருக்க வேண்டும். தங்கூசி நீண்டால் லைன் தாழ்ந்தாலும் ஃப்ளை மேலே மிதந்துவிடும். கடையில் நீளமான தங்கூசியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆற்றுக்குக் குறுக்கே, கொஞ்சம் கீழாற்றுப் பக்கம் பார்த்து எறிய வேண்டும். லைன் தண்ணீரில் விழுந்ததும் நடு ஓட்டம் அதை வயிறு தள்ளி வளைக்கும். அப்படி விட்டால் ஃப்ளை சாட்டை நுனியின் வேகத்தில் இழுபடும். அதனால் உடனே தடியைத் தூக்கி லைனை மேலாற்றுப் பக்கம் புரட்டிப் போட வேண்டும், இதை மெண்டிங் என்பார்கள். அந்த இடைவெளியில் ஃப்ளை தாழும். பிறகு லைன் மெல்ல விறைக்கும். விறைத்ததும் ஃப்ளை ஆற்றின் குறுக்கே ஒரு வில் வளைவில் நகர்ந்து, உங்களுக்கு நேர் கீழே கரையோரம் வந்து நிற்கும். பிறகு இரண்டு எட்டுக் கீழே இறங்கி மறுபடி எறியுங்கள். இவ்வளவுதான் முறை. ஆனால் அந்த வில் வளைவுக்குள் நடப்பதைக் கையால் உணரப் பழகுவதுதான் நீண்ட வேலை.

இதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது சுகம், அவர்களுக்குப் பட்டம் ஏற்றத் தெரியும். வாடைக்காற்றில் கொக்குப் பட்டம் வானில் நிற்பது நூல் அதைப் பிடித்திருப்பதால்தான். நூல் அறுந்த கணமே அது விழுந்துபோகும். பட்டத்தை நூலோடு பிணைக்கும் முச்சையைச் சரியாகக் கட்டினால் காற்றே அதை ஏற்றி, காற்றே பட்டத்தில் கட்டிய விண்ணைக் கூவவைக்கும். ஏற்றியவன் நூலில் உள்ள விறைப்பைக் காத்தால் போதும். ஸ்ட்ரீமரும் அப்படித்தான் நிற்கிறது. காற்றுக்குப் பதில் ஆறு, நூலுக்குப் பதில் லைன். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பெரிய பட்டங்களைத் தூக்கி விடுபவர்களிடம் லைனின் விறைப்பு என்று சொன்னால் அரை நொடியில் புரிந்துகொள்வார்கள். நூலை விடவும் கூடாது, வெட்டி இழுக்கவும் கூடாது, அந்த இடைநிலையைக் கையே கண்டுபிடிக்கும்.

குளிர்ந்த ஆற்றில் இந்த மெதுவான வில் வளைவு ஏன் இவ்வளவு முக்கியம்? மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் 4, 5 பாகையில் நிற்கும்போது ஸ்டீல்ஹெட்டுக்குப் பாய்ந்து துரத்த வலுவில்லை. அதோடு முட்டையிட ஆறேறும் மீன் அதிகம் தின்பதுமில்லை. தன் முகத்துக்கு நேரே ஏதோ ஒன்று மெல்லக் குறுக்கிட்டு, தப்பப் பார்ப்பதாகத் திரும்பும் கணத்தில், பழைய பழக்கமோ எரிச்சலோ அதைக் கவ்வவைக்கிறது. பெரும்பாலான கவ்வல்கள் ஃப்ளை வளைவின் முடிவில் திரும்பும் இடத்திலேயே வரும். அதனால் எறிந்த வேகத்தில் லைனை உருவி எடுப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. கரையோரம் வந்து நின்ற ஃப்ளையைக் கொஞ்சம் தொங்கவிடுங்கள். அந்தத் தொங்கலில்தான் மீன் இருக்கிறது.

கவ்வியதும் என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள். மீன் ஃப்ளையைக் கவ்விக்கொண்டு தான் நின்ற இடத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பலில் லைன் தானே இறுகி, முள் வாயின் மூலையில் ஏறும். அதிர்ந்து தடியைத் தூக்கினால் திறந்த வாயிலிருந்து முள்ளை நாமே பிடுங்கி எடுத்துவிடுவோம்.

ஃப்ளைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன், அதனால் எனக்கு மிகவும் பிடித்த ஃப்ளைகளைக் கட்டிய சிலரோடு நிற்கிறேன். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் அப்பர் டாம் என்ற இடத்தில் வாழ்ந்த கேரி ஸ்டீவன்ஸ், 1924ஆம் ஆண்டு ஜூலை முதலாம் திகதி, தானே கட்டிய ஸ்ட்ரீமரில் 6 இறாத்தல் 13 அவுன்ஸ் புறூக் ட்ரவுட் ஒன்றைப் பிடித்தார். அவருடைய பெயரை நிலைக்கவைத்த ஃப்ளை கிரே கோஸ்ட். மற்றவர்கள் முள்ளை இறுக்கிப் பிடிக்க வைஸ் பூட்டுவார்கள். அவர் விரலிடுக்கிலேயே பிடித்துக் கட்டினார். அந்த ஃப்ளையில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? மயிற்பீலி இழைகள் இருக்கின்றன. கன்னத்தில், தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு, மெழுகுப் பொட்டு வைத்த அந்த இறகு, மீனின் கண்ணாக நிற்கிறது. மெயினின் குளிர் ஆற்றில் ட்ரவுட்டை மயக்கியதில் பாதி எங்கள் திசையிலிருந்து போனது.

மயிற்பீலியின் பச்சை, சாயத்தால் வருவதில்லை. இழையின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருகிறது. அதனால் நனைந்தாலும் கலங்கிய தண்ணீருக்குள் போனாலும் சின்ன மீனின் முதுகில் தெரியும் அந்த மினுக்கம் அதற்கு வரும். காவடிக்குச் செருகும் மயிலிறகுதான் நான் பாவிப்பதும். அதன் நுனிக் கண்ணை விட்டுவிட்டு, தண்டின் பக்க இழைகளை உருவிக் கட்டுவேன். வீட்டுச் சேவலின் கழுத்து இறகும் நல்லது. கடைச் சாயமிட்ட இறகுகளை நான் வாங்குவது குறைவு, நிறத்தைவிடத் தண்ணீரில் அசையும் மென்மைதான் மீனுக்கு முக்கியம் என்பது என் முடிவு. ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் 1967இல் பென்சில்வேனியாவில் கட்டிய வூலி பக்கரை எடுத்துப் பாருங்கள். அதில் அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. மாரபூ என்னும் பஞ்சுபோன்ற மென் இறகின் வால், சுற்றிய சேவல் இறகு, அவ்வளவுதான். ஆனால் அந்த வால் ஒருபோதும் சும்மா நிற்காது. உலகத்தில் ட்ரவுட் உள்ள எந்த ஆற்றுக்கும் ஒரே ஒரு ஃப்ளையோடு போகச் சொன்னால் நான் கறுப்பு வூலி பக்கரை எடுப்பேன்.

ஒன்ராறியோவின் நிப்பிகன் ஆற்றில் 1930களில் டொன் காப்பன் கட்டிய மட்லர் மின்னோவையும் விட மனமில்லை. மான் மயிரை நெருக்கிக் கட்டி வெட்டிய பெரிய தலை அதற்கு. அந்தத் தலை தண்ணீரைத் தள்ளும். மீனின் விலாவில் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு அந்தத் தள்ளலை உணரும். கலங்கல் ஆற்றிலும் இரவிலும் மீன் கண்ணால் தேடுவதற்கு முன்பே உடம்பால் தேடத் தொடங்கிவிடுகிறது.

எங்கள் நீரேரியில் எனக்கு அதிகம் உதவியது பொப் கிளவ்சர் 1980களில் சஸ்குவஹானா ஆற்றுக்காகக் கட்டிய டீப் மின்னோ. முள்ளின் கழுத்தில் இரட்டை ஈயக் கண். அதன் பாரத்தால் முள் தலைகீழாகத் திரும்பி, கூர் மேலே பார்த்தபடி நீந்தும். சாதாளை எனும் கடற்புல் அடர்ந்த ஆழம் குறைந்த தண்ணீரில் மற்ற முள்ளெல்லாம் இழுக்க இழுக்கச் சாதாளையை அள்ளிக்கொண்டு வரும், இது வழுக்கி வந்துவிடும்.

பண்ணைப் பாலத்தில் ஒரு பின்னேரம் நான் எறிந்துகொண்டிருக்க, குருநகர்ப் பக்கத்து வயதான அண்ணை ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன தம்பி, இரை கொழுவாமலோ எறியிறீர்?"

"ஓம் அண்ணை. இதுதான் இரை."

நனைந்த ஃப்ளையை உள்ளங்கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். "மணலைக் குஞ்சு மாதிரித்தான் கிடக்கு. உதை அந்தத் தூணடியால விடும். வத்துத் தண்ணியில இழுபட்டு வாற குஞ்சு அதுக்குப் பின்னாலதான் ஒதுங்கப் பாக்கும். கொடுவாவும் அங்கதான் நிக்கும்."

விரைவு ஓட்டமும் மந்த ஓட்டமும் உரசும் அந்தக் கோட்டைத்தான் வட அமெரிக்காவில் ஸ்டீல்ஹெட் பிடிப்பவர்கள் வாழ்நாள் முழுக்கத் தேடுகிறார்கள். அவர் அதை ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார். அவரிடம் நான் கேட்டுக் கேட்டு அறிந்தவை பல. எங்கள் நீரேரியில் ஏற்றவற்றம் பெரிதாக இல்லை, ஆனால் பாலத்து வாய்களுக்குள் அது ஒடுங்கி ஓடும்போது ஆற்றின் குணம் வந்துவிடுகிறது. சோளகம் அடிக்கும் நாட்களில் காற்றே தண்ணீரை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிடும். மாரியில் தொண்டைமானாற்றுக் கதவுகளைத் திறந்து வெள்ளத்தைக் கடலுக்கு விடும் நாட்களில் குஞ்சு மீன்கள் அந்த வாயடியில் தடுமாறும், பாரையும் கொடுவாவும் அதற்காகவே வந்து காத்து நிற்கும்.

ஆனால் கனரஸ்காவின் மெதுவான வில் வளைவு இங்கே போதாது. தண்ணீர் 28, 30 பாகை. இரைபிடி மீன்களின் உடம்பு முழுவேகத்தில் இருக்கிறது, மெதுவாகப் போகும் குஞ்சை அவை நின்று ஆராய்ந்துவிடும். அதனால் ஃப்ளையை ஓட்டத்தோடு கொஞ்சத் தூரம் போகவிட்டு, நிழலோரம் வந்ததும் இடது கையால் லைனைச் சட்டென்று இழுக்க வேண்டும். இழுப்பு, ஒரு கண நிறுத்தம், மறுபடி இழுப்பு. கவ்வலும் பெரும்பாலும் அந்த நிறுத்தத்திலேயே வரும். கவ்வியதும் இங்கே சும்மா நிற்க முடியாது. தடியை மீனுக்கு நேரே நீட்டியபடி லைனைக் கையால் நீளமாக இழுத்து முள்ளை ஏற்ற வேண்டும். தப்பினாலும் ஃப்ளை தண்ணீருக்குள்ளேயே இருக்கும், கொடுவா திரும்பி வந்து இன்னொரு தரம் அடிக்கும். தங்கூசியும் மாற வேண்டும். ஸ்டீல்ஹெட்டுக்கு 10, 12 இறாத்தல் போதும். கொடுவாவின் சொரசொரப்பான வாயும் செவுள் மூடியின் கூரும் அதை அறுத்துவிடும், நுனியில் 40 இறாத்தல் துண்டு ஒன்று கட்டுங்கள். கூர்ப் பல்லுள்ள சீலா நிற்கும் இடத்தில் அதுவும் பற்றாது, கம்பிதான்.

ஒரு விசயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நீரேரி எங்களுக்குப் பொழுதுபோக்கு, அங்கே வலை போடுபவர்களுக்குச் சோறு. வலை கட்டும் களங்கட்டித் தடிகளுக்குப் பக்கத்தில் எறியாதீர்கள். வலைக்குள் போகும் மீனின் வழியில் நின்று தண்ணீரைக் கலக்காதீர்கள். வள்ளம் வந்தால் லைனைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கி நில்லுங்கள். இது மரியாதை மட்டுமில்லை, எந்த வாயில் எப்போது ஓட்டம் பிடிக்கும் என்று அவர்கள்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறார்கள்.

ஸ்காபுறோவில் இருக்கும் மச்சானுக்கு ஒவ்வொரு மாசியிலும் ஃப்ளைகள் கட்டி அனுப்புகிறேன். ஆறு திறந்ததும் அவன் அழைப்பான். நான் முதலில் கேட்பது, "மச்சான், தண்ணி என்ன நிறம்?" பால் கலந்த பச்சை என்றால் மயிற்பீலி போட்டது, தேத்தண்ணி நிறம் என்றால் கறுப்பு வூலி பக்கர், கலங்கல் என்றால் பெருந்தலை மட்லர். அங்கே அவன் ஸ்டீல்ஹெட்டை விட்டுவிடுகிறான். முள்ளின் எதிர்க்கூரை முன்பே குறட்டால் நசுக்கிவைத்து, மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்காமல் கழற்றி, தலையை ஓட்டத்துக்கு எதிரே பிடித்திருந்து, அது தானாக உதறிப் போகும்வரை நிற்பான். முட்டையோடு ஏறி வந்த மீன் மறுபடியும் வரக்கூடியது என்பதால் அது சரியான செயல்.

இங்கே பிடித்த மீனை விடுவது வழக்கம் இல்லை. ஒடியல் கூழுக்கு மீன் வேண்டும், நானும் வீட்டுக்கு எடுத்துப் போகிறவன்தான். ஆனால் எதை எடுப்பது என்பதில் கொடுவாவுக்கு மட்டும் நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஸ்டீல்ஹெட் ஆற்றில் பிறந்து கடலில் வளரும். கொடுவாவுக்குப் போக்கு எதிர்த் திசை, உப்புத் தண்ணீர் முகத்துவாரங்களில் முட்டையிடும், குஞ்சுகள் நல்ல தண்ணீரைத் தேடி உள்ளே வரும். அதோடு அது முதலில் ஆணாக முதிர்கிறது. சில வருடங்கள் கழித்து, நன்றாக வளர்ந்த பிறகே பெரும்பாலானவை பெண்ணாக மாறுகின்றன. அப்படியானால் பாலத்தடியில் நிற்கும் பெரிய கொடுவா அநேகமாகப் பெண், இலட்சக்கணக்கில் முட்டை சுமப்பது. நான் நடுத்தர மீனை எடுக்கிறேன், பெரியதைக் கழற்றி விடுகிறேன். அண்ணைக்கு இதைச் சொன்னபோது முதலில் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு, தான் வெட்டிய பெரிய கொடுவாக்களில் சினை இல்லாமல் கண்டது குறைவு என்று நினைவுபடுத்திச் சொன்னார். அடுத்த வத்துக்கு அவரும் தடி பிடித்துப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கென்று ஈயக் கண் வைத்த கிளவ்சர்கள் சிலவற்றைச் சேவல் இறகில் கட்டி வைத்திருக்கிறேன்.